கோங் சியாம்: இரண்டு ஆறுகள் கூடும் மாவட்டம்

மாணவர்களே! ஆசியப் படத்தில் தாய்லாந்தைக் கண்டுபிடியுங்கள். அதன் கிழக்கு விளிம்பில், லாவோஸ் நாட்டுக்கும் அதற்கும் எல்லையாக மீகாங் ஆறு ஓடுகிறது. மேற்கேயிருந்து வரும் மூன் ஆறு அதனுடன் கூடும் இடமே கோங் சியாம் மாவட்டம். உபோன் ராச்சதானி மாகாணத்தைச் சேர்ந்த இதுதான் தாய்லாந்தின் கிழக்குக் கோடி.

மீகாங், திபெத்தில் தோன்றி நெடுந்தொலைவு வருவது. அது வண்டலைச் சுமந்து வரும் காலத்தில் சங்கமத்தில் இரு நிறங்களைக் காணலாம். மீகாங் சுண்ணாம்புச் சாந்தின் நிறம், மூன் அவுரி நீலம் என்பது அவ்வூரார் வழக்கு.

இம்மாவட்டத்தில் பா தேம் என்னும் மணற்பாறைச் செங்குத்து உள்ளது. அதில் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய ஓவியங்கள் காணப்படுகின்றன. என்ன வரைந்தார்கள் தெரியுமா? யானைகள், மனிதக் கைகள், பெரிய கெளுத்தி மீன், மீன் பிடிக்கும் கூடை! அன்றே இங்கு மீன்தான் வாழ்வு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இன்றைய மக்கள் ஈசான் பகுதியினர். அவர்கள் பேச்சு லாவோ மொழிக்கு மிக நெருங்கியது; உணவு, ஒட்டும் தன்மையுள்ள அரிசி. மண் மணற்பாங்கானது, நெல் மழையை நம்பியது. விளைச்சல் குறைந்தால் கைகொடுத்தது ஆறு. மீனை உப்பும் தவிடும் சேர்த்து ஊறவைத்து ஆண்டு முழுதும் உண்பார்கள்.

இனி ஆட்சிமுறையைப் பார்ப்போம். தாய்லாந்தில் மாகாணம் ‘சங்வாட்’, மாவட்டம் ‘அம்போ’, ஊர்களின் தொகுதி ‘தம்போன்’, ஊர் ‘மூபான்’ எனப்படும். மாகாண ஆளுநரையும் மாவட்ட அதிகாரியையும் பாங்காக்கிலுள்ள அரசு நியமிக்கிறது. ஊர்த்தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 1994-இல் இயற்றிய சட்டம், தம்போன்களுக்குத் தேர்தல் மூலம் அமையும் நிர்வாக மன்றங்களை வழங்கியது. சாலை, குடிநீர், துப்புரவு போன்றவை அவற்றின் பணிகள்.

அதே 1994-இல்தான் சங்கமத்துக்குச் சுமார் 5.5 கிலோமீட்டர் மேலே பாக் மூன் அணை கட்டி முடிக்கப்பட்டது. உயரம் 17 மீட்டர். மின் திறன் 136 மெகாவாட். நாட்டுக்கு மின்சாரம் தேவைப்பட்டது உண்மையே. ஆனால் மழைக்காலத் தொடக்கத்தில் மீகாங்கிலிருந்து மூனுக்கு முட்டையிட ஏறிவரும் மீன்களின் வழி அடைபட்டது. மீன்கள் ஏற ஒரு படிக்கட்டு கட்டினார்கள். பெரும்பாலான இனங்களுக்கு அது பயன்படவில்லை. முன்பு மூன், சி ஆறுகளின் வடிநிலத்தில் 265 மீன் இனங்கள் பதிவாகியிருந்தன. பின்னர் அணைக்கு மேற்புறம் பதிவானவை 96 மட்டுமே என உலக அணைகள் ஆணையத்தின் ஆய்வு 2000-இல் தெரிவித்தது.

மீனவர்கள் பாங்காக் வரை சென்று முறையிட்டார்கள். 2001-இல் மதகுகள் ஓராண்டுக்குத் திறக்கப்பட்டன. ஊர் மக்கள் பிடித்த மீன்களைத் தாங்களே பெயர் குறித்துப் பட்டியலிட்டார்கள்: 156 இனங்கள் திரும்பியிருந்தன! எழுத்தறிவு குறைந்தவர்களும் இந்த ஆய்வில் ஆராய்ச்சியாளர்களே. மீனின் வருகையை அவர்களைவிட அறிந்தவர் யார்? உபோன் பல்கலைக்கழகமும் மதகுகளைத் திறந்துவைக்கும்படி பரிந்துரைத்தது. ஆனால் அரசு, ஆண்டில் நான்கு மாதங்கள் மட்டும் திறப்பது என முடிவு செய்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஊர்ச்சாலையை ஊர் மன்றம் முடிவு செய்கிறது. ஊரின் ஆற்றைத் தலைநகரம் முடிவு செய்கிறது. மீனுக்கோ இந்த எல்லைகள் எதுவும் தெரியாது. ஆகவே ஓர் இடத்தின் புவியியலைப் படிக்கும்போது ஆறு எங்கே பிறக்கிறது, எங்கே கலக்கிறது என்று அறிவதோடு நில்லாதீர்கள். அதன் நீரைப் பற்றி முடிவு செய்பவர் யார், அம்முடிவால் வாழ்வு மாறுபவர் யார் என்றும் கேளுங்கள். இரண்டும் ஒருவரே அல்லாத இடங்களில், கரையில் வாழ்பவரின் அறிவு முடிவு செய்பவரிடம் போய்ச் சேர வழி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.