பெட்டியடி முதல் தொழிற்சாலை வரை: வழிகாட்டியும் பட்டறிவும்

முன்னுரை

கல்வி ஏட்டோடு முடிந்துவிடுவதன்று. கற்றதைக் கையால் செய்து பார்க்கும்போதுதான் அது நமக்கே உரிய அறிவாகிறது. இதனைப் ‘பட்டறிவு’ என்ற அழகிய சொல்லால் தமிழில் குறிக்கிறோம். ஆயினும், பட்டதெல்லாம் அறிவாகிவிடுமா? பட்டதை அறிவாக மாற்றிக்கொள்ளத் துணைநிற்க ஒருவர் அருகில் வேண்டாமா? தொழிற்பயிற்சிக்குச் செல்லவிருக்கும் தம்பி தங்கையருக்கும், அவர்களைத் தங்கள் பணியிடங்களில் வரவேற்கும் நிலையிலுள்ள முன்னாள் மாணவர்களுக்கும் இவ்வினாவை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பினாங்குத் தெருவில் ஒரு பள்ளிக்கூடம்

‘இண்டர்ன்ஷிப்’ என்ற சொல் நம் காதுக்கு எட்டுவதற்கு வெகுகாலம் முன்பே ஜார்ஜ் டவுனில் தமிழர்களிடையே ஒரு தொழிற்பயிற்சி முறை இருந்தது. பினாங்குத் தெருவில் நகரத்தார்கள் கிட்டங்கிகளை அமைத்து வட்டித்தொழில் நடத்திவந்த காலம் அது. தண்ணீர்மலைச் சாலையில் 1857ஆம் ஆண்டில் எழுந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் அச்சமூகம் இங்கு வேரூன்றியதற்கு இன்றும் சான்றாக நிற்கிறது.

அத்தொழிலுக்குள் நுழையும் இளைஞன் முதலில் ‘பெட்டியடிப் பையன்’ ஆவான். கணக்குப் பெட்டியின் அருகில் அமர்ந்து ஏவிய வேலைகளைச் செய்வான். பெரியவர்கள் கடன் கேட்டு வருவோரிடம் எப்படிப் பேசுகிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள், யாரை நயமாக மறுத்து அனுப்புகிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டு கற்பான். பேரேடு எழுதப் பழகுவான். ஐந்தொகை போடக் கற்பான். தேறியவன் ‘அடுத்தாள்’ என்ற நிலைக்கு உயர்வான். பின்னர் ஒரு கடையையே பொறுப்பேற்று நடத்தும் ‘மேலாள்’ ஆவான். கடல் கடந்து பணியாற்றும் தவணை பொதுவாக மூன்றாண்டுகளாக இருந்தது.

இம்முறையில் மூன்று கூறுகளைக் காண்கிறோம். முதலாவது, பொறுப்பு படிப்படியாக வளர்ந்தது. இரண்டாவது, செய்த வேலையை மூத்தவர் ஒருவர் பார்த்துத் திருத்தினார். மூன்றாவது, தேறியவனை அடுத்த படிக்கு உயர்த்திவிட ஒருவர் இருந்தார். அதே வேளையில் ஒரு குறையும் இருந்தது. அந்தக் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. உறவும் சமூகமும் உடையவர்க்கே அது திறந்தது. இக்குறையை மறவாமல் மேலே செல்வோம்.

பாயான் லெப்பாஸ் காட்டிய வழி

1969ஆம் ஆண்டில் பினாங்குப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதுவே பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் உருவானது. இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் தொழிற்சாலையை அதே ஆண்டில் இங்குதான் அமைத்தது. வயல்வெளியாக இருந்த நிலத்தில் மின்னியல் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

தொடக்கத்தில் பொருத்தும் வேலைக்கு ஆள் கிடைத்தால் போதும் என்ற நிலை இருந்தது. இயந்திரங்கள் மாற மாற, திறன் பெற்றவர்கள் போதவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே பயிற்சியளிப்பதைவிட ஒன்றுகூடிப் பயிற்சியளிப்பதே மேல் என்ற எண்ணம் பிறந்தது. அதன் விளைவாக 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் தொடங்கப்பட்டது. சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்களே பயிற்சிக்காகக் கைகோத்தன. மாநில அரசு, தொழில்துறை, கல்வித்துறை ஆகிய மூன்றும் இணைந்த அந்த ஏற்பாடு பிற மாநிலங்களுக்கும் முன்மாதிரியானது. தொழிற்சாலையில் எது தேவை என்பதைத் தொழிற்சாலையில் இருப்பவரே சொல்லவேண்டும் என்பதே அதன் அடிப்படை.

நாடு தழுவிய நிலையில், 2005இல் அறிமுகமான தேசிய இரட்டைப் பயிற்சி முறை ஜெர்மானிய முறையைத் தழுவியதாகும். அதில் பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு பணியிடத்திலேயே நடைபெறுகிறது.

துறைக்குத் துறை வேறுபாடு

எல்லாத் துறைகளிலும் வழிகாட்டி ஒரே அளவில் கிடைப்பதில்லை. சட்டம் பயின்றவர் ஒன்பது மாதங்கள் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெறவேண்டும். அந்த மூத்தவருக்குக் குறைந்தது ஏழாண்டு தொழில் அனுபவம் இருக்கவேண்டும் என்று சட்டமே கூறுகிறது. மருந்தியல் பட்டதாரி ஓராண்டுக் காலம் தற்காலிகப் பதிவுடன் மூத்த மருந்தாளுநரின் கண்காணிப்பில் பணியாற்றுகிறார். ஆசிரியர் பயிற்சி மாணவரின் வகுப்பறையில் விரிவுரையாளர் வந்தமர்ந்து குறிப்பெடுக்கிறார். இத்துறைகளில் வழிகாட்டி என்பவர் விதியாலேயே அமைந்துவிடுகிறார்.

ஆனால் பொறியியல், கணினி, நிர்வாகம், கலையியல் ஆகிய துறை மாணவர்களின் நிலை வேறு. சில வாரங்களோ சில மாதங்களோ நீளும் தொழிற்பயிற்சி உண்டு. நிறுவனத்தில் ஒரு மேற்பார்வையாளரின் பெயரும் படிவத்தில் இருக்கும். அவர் உண்மையிலேயே வழிகாட்டியாக அமைவாரா என்பது பெரும்பாலும் வாய்ப்பைப் பொறுத்ததாகிவிடுகிறது.

என் பயிற்சியின் முதல் இரண்டு வாரங்கள் நகலெடுக்கும் இயந்திரத்தின் அருகிலேயே கழிந்தன. என்ன செய்யவேண்டும் என்று கேட்கவும் எனக்குத் துணிவில்லை. மூன்றாம் வாரத்தில் மூத்த தொழில்நுட்பர் ஒருவர் பழுதான மின்சுற்றுப் பலகையொன்றை என் மேசைமீது வைத்து, “எங்கே பிழை என்று மாலைக்குள் சொல்” என்றார். மாலையில் நான் சொன்ன விடை தவறு. அவர் சினம் கொள்ளவில்லை. “எப்படித் தேடினாய்?” என்று மட்டும் கேட்டார். நான் தேடிய வழியில் எந்த இடத்தில் தடம் மாறினேன் என்று உடனிருந்து காட்டினார். அன்று முதல் ஒவ்வொரு மாலையும் பதினைந்து நிமிடம் எனக்கென ஒதுக்கினார். மூன்றாண்டு விரிவுரைகள் எதற்கு என்பது எனக்கு அந்தப் பதினைந்து நிமிடங்களில்தான் விளங்கியது. திருக்குறளில் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்று ஓர் அதிகாரமே அமைந்திருப்பதன் பொருளும் அப்போதுதான் புரிந்தது.

மாணவர்கள் செய்யத்தக்கவை

வழிகாட்டி தானாக வரட்டும் என்று காத்திருக்கலாகாது.

1. பயிற்சியிடத்தை நிறுவனத்தின் பெயரைக் கொண்டு மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்தப் பிரிவில் வேலை, யாருடைய மேற்பார்வை, எத்தகைய பணி என்று முன்கூட்டியே கேளுங்கள். பெரிய நிறுவனத்தின் மூலையில் சும்மா அமர்வதைவிடச் சிறிய நிறுவனத்தில் கைநிறைய வேலை பார்ப்பது மேலானது.

2. குறிப்பேட்டைக் கடைசி வாரத்தில் ஒரே மூச்சில் எழுதாதீர்கள். அன்றன்று எழுதுங்கள். செய்த வேலையோடு, செய்த பிழையையும் அதற்கான காரணத்தையும் எழுதுங்கள். பெட்டியடிப் பையனுக்குப் பேரேடு எப்படியோ, அப்படியே உங்களுக்குக் குறிப்பேடு.

3. “எனக்கு வழிகாட்டுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் விடை சொல்லத் தெரியாது. “இந்த அறிக்கையில் எது சரியில்லை?” என்று குறிப்பாகக் கேளுங்கள். திருத்தம் சொன்னால், மறுநாளே திருத்திக் காட்டுங்கள். சொன்னதைச் செய்பவருக்கே மேலும் சொல்ல மனம் வரும்.

4. பயிற்சி முடிந்ததும் தொடர்பை அறுத்துவிடாதீர்கள். தேர்வு முடிவையும் கிடைத்த வேலையையும் தெரிவியுங்கள். அது நன்றியறிதலும் ஆகும்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பழைய கிட்டங்கி முறையின் குறையை இங்கு நினைவுகூர்வோம். கதவு உறவினருக்கே திறந்தது. இன்று விளம்பரங்கள் எல்லாருக்கும் பொதுவானவை. ஆயினும், அப்பா பொறியாளராக இருக்கும் வீட்டில் இரவு உணவின்போதே நேர்முகத் தேர்வுக்கான பாடம் நடந்துவிடுகிறது. தோட்டத்திலிருந்தும் மலிவுவிலை அடுக்குமாடி வீட்டிலிருந்தும் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரும் நம் மாணவருக்கு அந்தப் பாடத்தைச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அவருக்குத் திறமை குறைவன்று. கேட்பதற்கு ஓர் ஆள் இல்லாததே குறை.

அந்த ஆளாக நாம் இருக்கலாம். துறைவாரியாக முன்னாள் மாணவர் பட்டியல் ஒன்றைக் கழகம் வைத்திருக்கட்டும். ஒருவர் ஓராண்டுக்கு ஒரு மாணவரை மட்டும் ஏற்றுக்கொள்ளட்டும். தன்விவரக் குறிப்பைத் திருத்திக் கொடுப்பது, ஒத்திகை நேர்முகம் நடத்துவது, மாதம் ஒருமுறை தொலைபேசியில் அரைமணி நேரம் பேசுவது ஆகியவற்றுக்குப் பணம் வேண்டா. மனம் இருந்தால் போதும். வேலைக்குப் பரிந்துரைப்பது தகுதியுடையவர்க்கே ஆகட்டும். தகுதி பெறுவதற்கான வழியைக் காட்டுவது அனைவருக்கும் ஆகட்டும்.

முடிவுரை

பட்டறிவைத் தருவது வேலை. அதனைப் பாடமாக்குபவர் வழிகாட்டி. இரண்டும் சேர்ந்தாலன்றிப் பயிற்சி நிறைவுபெறாது. இன்று கேட்கத் தயங்கி நிற்கும் மாணவரே நாளை மற்றொருவரின் மேசைமீது பழுதான பலகையை வைத்து, “எப்படித் தேடினாய்?” என்று கேட்கப்போகிறவர். அந்தத் தொடர் அறுந்துபோகாமல் காப்பது நம் அனைவரின் கடமையாகும்.