பாத எலும்பில் மீண்டும் மீண்டும் தோன்றும் வலி

மனிதனின் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. கணுக்காலை ஒட்டி 7, நடுப்பாதத்தில் 5, விரல்களில் 14 என அவை அமைந்துள்ளன. நடுப்பாதத்தின் நீண்ட எலும்புகள் ஐந்தும் மெட்டாடார்சல் எனப்படும். பெருவிரல் பக்கமிருந்து இவை எண்ணப்படுகின்றன. நடக்கையில் குதிகால் மேலெழும் ஒவ்வொரு முறையும் உடலின் பாரம் இவற்றின் முன்முனைகளில் இறங்குகிறது. இரண்டாவது எலும்பு மெலிந்தது. அதன் அடிப்பகுதி அசைய இடமின்றிப் பதிந்திருப்பது. ஆகையால் வளைவுச் சுமை அதற்கே மிகுதி.

1855-ஆம் ஆண்டில் பிரைட்ஹவுப்ட் என்னும் பிரஷ்ய இராணுவ மருத்துவர், நெடுந்தூரம் அணிநடை சென்ற போர்வீரர்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதை விவரித்தார். அது எலும்பு முறிவு என்பது அப்போது அறியப்படவில்லை. 1895-இல் எக்ஸ்-கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டன; 1897-இல் ஷ்டேஹோ என்பவர் எக்ஸ்-கதிர்ப் படத்தின் வாயிலாக உண்மையைப் புலப்படுத்தினார். 'அணிநடை முறிவு' என்னும் பெயர் இவ்வாறு ஏற்பட்டது. இன்று இது சோர்வு முறிவு என்னும் வகையில் அடங்கும்.

ஒரு கம்பியை ஒரே முறை வளைத்தால் அது ஒடிவதில்லை. பலமுறை வளைத்தால் ஒடிகிறது. எலும்பிலும் இவ்வாறே நுண்ணிய வெடிப்புகள் உண்டாகின்றன. ஆயினும் எலும்பு உயிருள்ள பொருளாதலால் தன்னைத் தானே செப்பனிட்டுக் கொள்கிறது. பழுதுற்ற பகுதி முதலில் அரித்து நீக்கப்படுகிறது. புதிய எலும்பு அதன் பின்னரே படிகிறது. இதற்குச் சில வாரங்கள் வேண்டும். அந்த இடைவேளையில் எலும்பு முன்னிலும் வலுக்குறைந்து நிற்கிறது. வலி தணிந்ததும் பழைய அளவில் நடையையோ ஓட்டத்தையோ தொடங்குபவருக்கு அது திரும்பத் தோன்றுவதன் காரணம் இதுவே.

காவலர் தேர்வுக்குப் பயிற்சி பெறும் இளைஞர், விளையாட்டு விழாவுக்கென ஓடும் மாணவி, புதிதாக நெடுந்தூரம் நடக்க நேர்ந்த களப்பணியாளர் ஆகியோரிடம் இவ்வலியைக் காணலாம். அவர்களிடம் மூன்று செய்திகளை அறிய வேண்டும். முதலாவது, நடந்தால் வலி மிகுந்து, ஓய்வில் குறைகிறதா? இரண்டாவது, அண்மைச் சில வாரங்களில் தூரமோ, சுமையோ, தரையோ, காலணியோ மாறியதா? மூன்றாவது, பாதத்தின் மேற்புறத்தில் ஒவ்வோர் எலும்பாக ஒரே விரலால் மெல்ல அழுத்துகையில் குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் வலிக்கிறதா? மூன்றிற்கும் ஆம் என்பது விடையாயின் சோர்வு முறிவு என்றே ஐயுற்று மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

பிற நோய்களினின்றும் இதனைப் பிரித்தறிய வேண்டும். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் வலித்தால் அது பெரும்பாலும் உள்ளங்கால் தசைநார்த் தகட்டின் கோளாறு. பெருவிரல் மூட்டு திடீரெனச் சிவந்து கடுமையாக வலிப்பது கௌட் என்னும் வாதமாக இருக்கலாம். விரல்களுக்கிடையே எரிச்சலும் மரமரப்பும் நரம்பு நெருக்கப்படுவதைக் குறிக்கும்.

எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். முதல் இரண்டு மூன்று வாரங்களில் இம்முறிவு படத்தில் தெரியாமலிருக்கக் கூடும். புதிய எலும்பு படியத் தொடங்கிய பின்னரே அது புலனாகும். எனவே, 'படத்தில் ஒன்றுமில்லை' என்பதைக் கொண்டு மாணவனை மீண்டும் ஓடவிடலாகாது. எம்.ஆர்.ஐ. படம் தொடக்க நிலையிலேயே இதைக் காட்டவல்லது. அவ்வசதி இல்லாதவிடத்து ஓய்வளித்து, சில வாரங்கள் கழித்து மறுபடம் எடுக்கலாம்.

இரண்டாம், மூன்றாம், நான்காம் எலும்புகளின் நடுத்தண்டில் தோன்றும் முறிவு பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்களில் குணமாகும். அக்காலத்தில் ஓட்டமும் நெடுநடையும் கூடா. விறைப்பான அடித்தோலுள்ள காலணி உதவும். வலித்த இடத்தை எண்ணெயிட்டு அழுத்தி நீவுதலும், வலி நிவாரணி உட்கொண்டு பயிற்சியைத் தொடர்தலும் தீங்கானவை. பின்னர் வலியின்றி நடக்க முடிந்தால் மட்டுமே, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சிறிது தூரம் ஓடலாம். வலி திரும்பினால் முந்திய படிக்கே இறங்க வேண்டும். ஐந்தாம் எலும்பின் அடிப்பகுதியிலும், பாத வளைவின் உச்சியிலுள்ள நாவிகுலார் எலும்பிலும் ஏற்படும் முறிவுகள் எளிதில் கூடுவதில்லை. இவற்றிற்கு எலும்பு மருத்துவரின் சிகிச்சை தேவை.

முறிவு மீண்டும் நேர்ந்தால் எலும்பின் வலிமையையே ஆராய வேண்டும். வைட்டமின் டி குறைவு, போதிய உணவின்மை, உடல் எடைக் குறைவு ஆகியவை காரணமாகலாம். பயிற்சி பெறும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோயிருப்பின் அது முக்கியமான அறிகுறி. அதனைப் பெண் ஆசிரியையோ சுகாதாரச் செவிலியோ பரிவுடன் கேட்டறிதல் நன்று.

நீரிழிவு அல்லது தொழுநோயால் உணர்விழந்த பாதம் தனி வகையைச் சேர்ந்தது. அங்கு எலும்பு சிதைந்தாலும் வலி தோன்றாமலிருக்கலாம். அத்தகைய ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பின், அதன்மேல் நடக்கவிடாது அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

சோர்வு முறிவுற்ற பாதத்தில் வெளிக்காயம் தெரிவதில்லை. அதனால் நொண்டி நடக்கும் மாணவன் சோம்பேறி என்றும், நடக்கத் தயங்கும் பணியாளர் கடமையைத் தட்டிக் கழிப்பவர் என்றும் எளிதில் கருதப்படுகின்றனர். மெல்லிய வெடிப்பு முழு முறிவாக மாறுவது பெரும்பாலும் இத்தகைய வற்புறுத்தலால்தான். ஒரு விரலால் அழுத்திப் பார்த்து, சில வாரங்கள் ஓய்வளித்தால் அந்தத் தீங்கைத் தவிர்க்கலாம்.