சூளையும் குறியீட்டுக் கணிதமும்

விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் வட்டார மாணவர்க்குப் பீங்கான் தொழில் புதிதன்று. சூளையில் வெந்த கலம் குளிரும்போது ஏன் விரிசல் காண்கிறது? புறப்பகுதி முந்திக் குளிர்ந்து சுருங்க, உட்பகுதி சூடாகவே நிற்பதால் இழுவிசை தோன்றுகிறது. கலவையில் எஞ்சிய குவார்ட்ஸ், 573 பாகை செல்சியசை ஒட்டி அமைப்பு மாறிச் சட்டெனச் சுருங்குவதும் மற்றொரு காரணம்.

இருபுறமும் சீராகக் குளிரும் தட்டையான பலகை ஒன்றை எண்ணுவோம். அதன் நடுவுக்கும் மேற்பரப்புக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை 'வெ' என்றும், குளிரும் வேகத்தைக் 'கு' என்றும், பாதித் தடிப்பைத் 'த' என்றும், வெப்பம் பரவும் திறனைப் 'ப' என்றும் குறித்தால், குளிர்தல் நிலைபெற்றபின்,

வெ = கு × த² ÷ (2 × ப)

என வரும். கணிப்பொறிக்கு எண்களைக் கொடுத்தால் ஒரு கலத்திற்குரிய விடையே கிட்டும். எழுத்துகளாகவே கொடுத்தால் எல்லாக் கலங்களுக்கும் உரிய விதி கிட்டும். தடிப்பு இருமடங்கானால் வேறுபாடு நான்மடங்காகும். ஆதலின் குளிரும் வேகத்தைக் காற்பங்காக்க வேண்டும். இவ்விதி எந்த ஒற்றை எண்ணிலும் வெளிப்படாது.

எழுத்துகளைக் கொண்டே கணிக்கும் இம்முறையே கணிப்பொறி இயற்கணிதம். 1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்கப்பெற்ற 'மாக்சிமா'வின் முன்னோடியான 'மாக்சைமா' இதற்கெனப் பிறந்தது. அதன் வழிவந்த 'மாக்சிமா' இன்று விலையின்றிக் கிடைக்கிறது. பிரெஞ்சு வானியலறிஞர் டெலோனே நிலவின் இயக்கத்தை எழுத்துக் கணக்காகவே செய்து முடிக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தார். அக்கணக்கை 1970ஆம் ஆண்டளவில் கணிப்பொறி ஏறத்தாழ ஒரே நாளில் சரிபார்த்து, சில பிழைகளையும் காட்டிற்று.

தமிழ் பயில்வோர்க்கு இம்முறை அயலானதன்று. 'பொன்' என்பதும் 'குடம்' என்பதும் வேற்றுமையிற் புணர்ந்து 'பொற்குடம்' ஆகின்றன. அல்வழியில் 'பொன் கடிது' என னகரம் திரியாது நிற்கும். எழுத்து ஒன்றே, உறவை அறிந்தபின்னரே விதியை ஏவுகிறோம். ஓர் எண்ணின் வர்க்கத்திற்கு வர்க்கமூலம் காணின் அவ்வெண்ணே வருமா? அது குறையெண் அன்றாயின் வரும். அதனால்தான் 'மாக்சிமா'வும் சிலவிடத்து, இவ்வெண் மிகையா குறையா என நம்மையே வினவுகிறது.

விதியை ஏவுதல் கருவியின் பணி. கலம் தட்டையா வளைவா, இருபுறமும் குளிர்கிறதா ஒருபுறமா எனக் கண்டு சமன்பாட்டைத் தேர்தல் நம் பணி. இரண்டாம் பணியைக் கருவியிடம் விட்டுவிடின் விடை பிழையற வரும், கலமோ விரியும். ஆதலின் மாணவச் செல்வங்கள் சூளையருகே நின்று கண்டபின் கருவியருகே அமர்க!