அரிட்டாபட்டி: சுரங்கம் நின்றது எப்படி?

கேள்வி: ஊர் மக்கள் எதிர்த்து ஒரு பெரிய திட்டம் கைவிடப்பட்டதுண்டா?

பதில்: உண்டு. மதுரை மாவட்டம் மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டிதான் உதாரணம். ஏழு மலைகள், பாறை இடுக்குகளில் சுனைகள், மழைநீர் வடிந்து நிறையும் ஏரிகள் கொண்ட ஊர். லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் இங்கே பறக்கின்றன. தேவாங்கும் அழுங்கும் வாழ்கின்றன. இதை 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

2024 நவம்பரில் அதையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் பரப்பில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. கிராமங்கள் கொதித்தன. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் போட்டது.

பாரம்பரியத் தலத்தை மட்டும் விலக்கிவிட்டு எல்லையை மறுஆய்வு செய்யலாம் என்றது மத்திய அரசு. அந்தத் தலமோ மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். மக்கள் அதை ஏற்கவில்லை. மலையை விட்டுவிட்டு அடிவாரத்தைத் தோண்டினால் ஏரிக்கு நீர் எப்படி வரும்?

2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் அருகிலுள்ள நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே சென்றனர். ஜனவரி 23 அன்று ஏலம் முழுவதுமாக ரத்தானது.