ஜிபிஎஸ் வாட்ச்சா, சைக்கிள் கம்ப்யூட்டரா?

● ஓட்டம், நீச்சல், சைக்கிள் என எல்லாப் பயிற்சிக்கும் ஒரே கருவி போதும் என்பவர்களுக்கு ஜிபிஎஸ் வாட்ச் ஏற்றது. தூக்கத்தையும் நாள் முழுவதும் இதயத்துடிப்பையும் பதிவு செய்யும்.

● சைக்கிள் மட்டுமே ஓட்டுபவர்களுக்கு ஹேண்டில்பாரில் பொருத்தும் கம்ப்யூட்டரே வசதி. வேகம், தூரம், வழி எல்லாம் பெரிய திரையில் கண்ணெதிரே தெரியும். மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை.

● மேடுபள்ளமான சாலையில் ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்கும்போது வாட்ச் காட்டும் இதயத்துடிப்பு பிசகலாம். மார்புப் பட்டை கூடுதல் துல்லியம் தரும். இரண்டு கருவிகளோடும் இணைக்கலாம்.

● மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் உள்ளவர்கள், வாங்கப்போகும் வாட்ச் அதனுடன் இணையுமா என்று முதலில் பார்ப்பது நல்லது. எல்லா மாடல்களும் இணையாது.

● ஏற்கெனவே வாட்ச் இருந்தால், அதை ஹேண்டில்பாரில் மாட்டும் மவுன்ட் குறைந்த செலவில் கிடைக்கும். ஆனால், அப்போது மணிக்கட்டில் இதயத்துடிப்பை அளக்க முடியாது.