25,000 ரூபாய் இயர்போன்: காசுக்கும் காதுக்கும் ஒரு கட்டபெட்டுக் கணக்கு

இன்னிக்குப் பாடம் மியூச்சுவல் ஃபண்டு இல்லை, காதுக்குள்ள மாட்டுற இயர்போன். சிரிக்காதீங்க. நீங்க கட்டபெட்டுல தேயிலை வெச்சிருக்கற வீடுன்னு வெச்சுக்குவோம். பச்சைத் தேயிலை கிலோவுக்கு 20 ரூபாய் கிடைக்குதுன்னா, 25,000 ரூபாய் இயர்போனுக்கு 1,250 கிலோ இலை ஃபேக்டரிக்குப் போகணும். பறிப்புக் கூலி, உரச் செலவெல்லாம் கழிக்கறதுக்கு முன்னாடி உள்ள கணக்கு இது. அப்படிப்பட்ட பணத்தை எதுல போடறோம்னு அரை மணி நேரம் யோசிக்கறதுல தப்பே இல்லை.

முதல்ல சத்தத் தரம். விலை பத்து மடங்கு ஏறினா தரமும் பத்து மடங்கு ஏறும்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. சென்ஹைசர் கம்பெனியையே எடுத்துக்கங்க. ஐஇ 200 வெளியானப்ப சுமார் 150 டாலர், ஐஇ 600 சுமார் 700 டாலர், ஐஇ 900 சுமார் 1,300 டாலர். மூணுலயும் உள்ள இருக்கறது 7 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர் ஒண்ணுதான். விலை ஏற ஏற கூட்டோட உலோகம், உள்ள இருக்கற ஒலி அறை, டியூனிங், மத்த நுணுக்கம் எல்லாம் மாறுது. வித்தியாசம் இல்லைன்னு சொல்லலை, இருக்கு. ஆனா முதல் 15,000 ரூபாய்ல கிடைக்கற முன்னேற்றம் அடுத்த 50,000-ல கிடைக்காது.

இன்னொரு விஷயம், நீங்க எதைக் கேக்கறீங்க? யூடியூப்ல படுகப் பாட்டும் பழைய இளையராஜாவும்தான்னா, அங்க வர்ற ஒலியே சுருக்கப்பட்டதுதான். 990 கேபிபிஎஸ் போற எல்டாக் கோடெக்குக்குன்னு தனியா காசு கொடுக்கறது வீண். ஐபோன் வெச்சிருந்தா அந்த எல்டாக் வேலையே செய்யாது. பெட்டி மேல பெருசா அச்சடிச்சிருக்காங்கன்னு மயங்காதீங்க.

உண்மையில சத்தத்தை முடிவு பண்றது பெரும்பாலும் ஒரு சின்ன ரப்பர் துண்டு. அதான் இயர் டிப். அது காதுக் குழாயை அடைச்சுப் பிடிக்கலைன்னா பேஸ் காணாமப் போயிடும், 60,000 ரூபாய் இயர்போனும் தகர டப்பா மாதிரி கேக்கும். ஜனங்க "இதுல பேஸே இல்லை"ன்னு திருப்பி அனுப்பறதுல நிறைய கேஸ் இந்த டிப் கதைதான்ங்கறது என் அபிப்ராயம். இடது காதும் வலது காதும் ஒரே அளவா இருக்கணும்னு கட்டாயம் இல்லை. ஒண்ணுக்கு மீடியம், ஒண்ணுக்கு ஸ்மால் போட்டா தப்பில்லை. மாட்டறப்ப எதிர்க் கையால காது மடலை மேலயும் பின்னாலயும் இழுத்துப் பிடிச்சு உள்ள வைங்க. சோனி டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்5-லயும் ஏர்பாட்ஸ் ப்ரோ 2-லயும் பெட்டியிலேயே நாலு அளவு டிப் வரும். சரியா அடைச்சிருக்கான்னு ஃபோன்லயே டெஸ்ட் பண்ணலாம். பத்து நிமிஷம் செலவு பண்ணி நாலையும் மாட்டிப் பாருங்க.

சௌகரியத்துக்குக் கடையில ரெண்டு நிமிஷம் கேக்கறது போதாது. காது வலி நாப்பது நிமிஷத்துக்கு அப்புறம்தான் தலை காட்டும். வீட்டுல இருந்து வேலை பார்த்து தினம் அஞ்சு மணி நேரம் மீட்டிங்ல இருக்கறவங்க, சத்தத்தை விட இதைத்தான் முதல்ல பார்க்கணும். எடை ரொம்ப வேறுபடாது. ஏர்பாட்ஸ் ப்ரோ 2 ஒரு பக்கம் 5.3 கிராம், சோனி 5.9 கிராம். கூட்டோட வடிவம் உங்க காதுக் குழிக்குள்ள எங்க அழுத்துதுங்கறதுதான் விஷயம். குளிருக்குக் குல்லா போடற ஊர்ல, குல்லா வேற மேல இருந்து அழுத்தும். வெளிய துருத்திக்கிட்டு நிக்கற பெரிய கூடு நமக்குச் சரிப்படாது.

மலைக்காரங்களுக்குன்னே ஒரு பிரச்சினை இருக்கு. கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் இறங்கறப்ப உயரம் சுமார் 1,800 மீட்டர்ல இருந்து 300 மீட்டருக்கு வந்துடும். காது அடைக்கறது நமக்குப் பழக்கம். ஆனா இறுக்கமா அடைக்கற இயர்போன் மாட்டியிருந்தா, டிப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவுல இருக்கற காத்து மாட்டிக்கும், செவிப்பறையை இழுக்கற மாதிரி இருக்கும். கூட்டுல காத்துத் துளை இருக்கற மாடல்ல இது குறைவு. இல்லைன்னா வளைவுகள்ல அப்பப்ப கழட்டி மாட்டுங்க.

இப்ப வயர்டா, வயர்லெஸ்ஸா? பணக் கணக்குல வயர்டு சுலபமா ஜெயிக்கும். வயர்லெஸ்ல ஒவ்வொரு பக்கமும் குட்டி பேட்டரி. தினம் பயன்படுத்தினா மூணு வருஷத்துல நல்லாவே இறங்கிடும், மாத்தறதும் லேசு இல்லை. 25,000-ஐ மூணால வகுத்தா வருஷத்துக்கு 8,300 ரூபாய். வயர்டு 15,000, ஃபோன்ல சொருகற டாங்கிள் 1,000, நடுவுல ஒரு கேபிள் 2,000, எட்டு வருஷம்னு வெச்சா வருஷத்துக்கு 2,250. கேபிளைக் கழட்டி மாத்தற மாதிரி இருக்கற மாடலா வாங்குங்க, அப்பதான் இந்தக் கணக்கு நிக்கும். ஒரு எச்சரிக்கை: ஆப்பிள் டாங்கிளை ஆண்ட்ராய்டு ஃபோன்ல போட்டா பல மாடல்ல சத்தம் கம்மியா வரும்.

ஆனா பணக் கணக்கு மட்டும் பார்த்தா நம்ம ஊர்ல ஆபத்து. சாயங்காலம் தேயிலைத் தோட்டத்துப் பாதையில நடக்கறவங்களுக்குத் தெரியும், எந்தத் திருப்பத்துல காட்டெருமை நிக்கும், எந்தப் புதர்ல கரடி இருக்கும்னு சொல்ல முடியாது. காதை முழுசா அடைக்கற வயர்டு இயர்போனோட அங்க நடக்கவே கூடாது. வெளிச் சத்தத்தை உள்ள விடற டிரான்ஸ்பரன்சி மோட் ஓரளவு உதவும், அதுக்காக அதை நம்பி நடக்கவும் வேண்டாம். வீட்டுல உக்காந்து கேக்கறவங்களுக்கு வயர்டு, ஃபோன் கால் அதிகம், பஸ் பயணம் அதிகம்னா வயர்லெஸ். நடக்கறப்ப பாக்கெட்ல.

வால்யூம் விஷயத்துல உலக சுகாதார நிறுவனத்தோட அளவுகோல் இது: பெரியவங்களுக்கு 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏத்தத்துக்கும் நேரம் பாதியாகும், அதாவது 86 டெசிபல்ல 10 மணி நேரம்தான். நல்லா அடைக்கற டிப்போ, நாய்ஸ் கேன்சலிங்கோ இருந்தா பஸ் இரைச்சலுக்கு மேல வால்யூம் ஏத்த வேண்டியதில்லை. காசு கொடுக்கறதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல காரணம் இது.

கடைசியா இஎம்ஐ. "நோ காஸ்ட்"னு போட்டிருக்கும். வட்டி இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே சொல்லிடுச்சு. 24,990 ரூபாய் பொருள், ஆறு மாசம், வருஷத்துக்கு 16 சதவீதம்னு வைங்க. வட்டி சுமார் 1,130 ரூபாய், அதைக் கடைக்காரர் தள்ளுபடியா கழிச்சுடுவார். ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 200 ரூபாய் உங்க தலையில. பிராசஸிங் கட்டணம் 199-ன்னா ஜிஎஸ்டியோட 235. ஆக 440 ரூபாய் போச்சு. மொத்தமா கட்டினா கிடைக்கற உடனடித் தள்ளுபடி இருந்து அதையும் விட்டிருந்தா, அதையும் சேர்த்துக்கங்க.

கட்டபெட்டுல இந்த விலையில இயர்போனை மாட்டிக் கேட்டுப் பார்க்க வழி இல்லை. வேற வேலையா கோயம்புத்தூர் போற அன்னிக்கு, உங்க ஃபோனையும் வழக்கமா கேக்கற பாட்டையும் எடுத்துட்டுப் போய் கடையில அரை மணி நேரம் மாட்டியே இருங்க. ஆன்லைன்னா ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ரிட்டர்ன் விதியைப் படிங்க. காதுக்குள்ள போற பொருள்ங்கறதால பிரிச்சுட்டா பணம் திரும்பாது, பழுதுன்னா மாத்தித் தருவோம்னு மட்டும் பல இடத்துல போட்டிருக்கும். பில்லுல உங்க பேரும், பெட்டியில இருக்கற சீரியல் நம்பரும் சரியா இருக்கான்னு அன்னிக்கே ஒரு ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கங்க.