மேல் மாடி வால்வைத் திறந்து பார்

அன்புள்ள தம்பிக்கு,

தீயணைப்பு ஸ்கைலிஃப்ட் வண்டியில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்ற செய்தி கேட்டு மனம் நிறைந்தது. 54 மீட்டர் உயரத்தில் கூண்டில் நின்று தண்ணீர் அடிப்பவனுக்கு ஊரே கை தட்டும். நன்றாகக் கற்றுக்கொள். ஆனால் கால் ஊன்ற இடம் கிடைத்தால்தான் அந்த வண்டி நிமிரும். குறுகலான சந்து, தாழ்ந்த மின்கம்பி, நிறுத்திவைத்த கார்கள் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். எல்லாம் சரியாக அமைந்தாலும் எட்டுவது ஏறக்குறைய 18 மாடி. அதற்கு மேலே படிக்கட்டு வழியாகத்தான் உன் வேலை.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்து ஒன் மெரிடியன் பிளாசா தீயைப் பற்றித் தேடிப் படி. 1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை இரவு. 38 மாடிக் கட்டடத்தின் 22-வது மாடியில், மரவேலைக்காக ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணிகளைக் குவித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவை தாமாகவே சூடேறிப் பற்றிக்கொண்டன. மின்சாரம் போனது, ஜெனரேட்டரும் கைவிட்டது, லிஃப்ட் நின்றது. வீரர்கள் ஹோஸைத் தூக்கிக்கொண்டு இருட்டில் படியேறினார்கள். மேலே போய்க் கட்டடத்தின் தீயணைப்புக் குழாயில் இணைத்தால் தண்ணீர் வேகமில்லாமல் வந்தது. குழாயிலிருந்த அழுத்தக் குறைப்பு வால்வுகளைத் தவறாக அமைத்திருந்தார்கள். அவர்கள் கையிலிருந்த நாசிலுக்குச் சுமார் 7 பார் அழுத்தம் வேண்டும். அவ்வளவு அங்கே கிடைக்கவில்லை. வால்வைத் திருத்தத் தனிக் கருவி தேவைப்பட்டது. புகையில் வழி தவறி, காற்று தீர்ந்து, மூன்று வீரர்கள் இறந்தார்கள். கட்டடம் இடிந்துவிடும் என்று அஞ்சி எல்லோரையும் வெளியேற்றிய பிறகு, அந்தத் தீயை நிறுத்தியது 30-வது மாடியில் திறந்துகொண்ட பத்து ஸ்ப்ரிங்க்ளர்கள்!

எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறாத விஷயம் அது. திறமைக்கோ துணிச்சலுக்கோ அங்கே குறைவில்லை. கட்டடத்தின் குழாயை யாரும் முன்கூட்டிச் சரியாகச் சோதிக்கவில்லை, அவ்வளவுதான்.

கணக்கு எளிது. தண்ணீர் 10 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் போய்விடும். 100 மீட்டர் உயரத்தில், கீழே பம்ப் கொடுத்ததில் 10 பார் காணாமல் போயிருக்கும். அதனால் மேலே போகும் பையில் ஹோஸ், பிராஞ்சோடு பிரஷர் கேஜ், ஸ்பேனர், கதவில் செருக மரக்கட்டை எல்லாம் இருக்கட்டும். குறைந்த அழுத்தத்திலும் தாரை விழும் நேர்துளை நாசில் ஒன்றும் சேர்த்துக்கொள். எரியும் மாடிக்கு ஒரு மாடி கீழே உள்ள வால்வில் இணை. முதுகில் மாட்டும் மூச்சுக் கருவியான பி.ஏ. செட்டை நம்பிக் கணக்கில் தவறாதே: 300 பாரில் நிரப்பிய 6 லிட்டர் சிலிண்டரில் 1,800 லிட்டர் காற்றுதான். மூச்சிரைக்கப் படியேறினால் அது அரை மணி நேரம்கூடத் தாங்காது. காற்று குறைந்து எச்சரிக்கை விசில் ஊதிய பிறகு இறங்கலாம் என்று நினைக்காதே. இறங்கவும் காற்று வேண்டும்.

நீ ஆய்வுக்குப் போகும் அடுக்குமாடிகளில் ஹோஸ் பெட்டியைத் திறந்து பார். துடைப்பமும் பழைய பெயின்ட் டப்பாவும் இருக்கும். பித்தளை பிராஞ்ச் இருக்காது. லேண்டிங் வால்வின் கைப்பிடி துருப்பிடித்து அசையாது, கப்ளிங்கின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருக்கும். கீழே அலுவலகத்தில் சான்றிதழ் மட்டும் கண்ணாடிச் சட்டத்தில் பளபளக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதே.

அடுத்த ஆய்வுக்குப் போகும்போது கேஜை எடுத்துக்கொண்டு மேல் மாடிவரை ஏறு. வால்வைத் திறந்து, தண்ணீர் வருகிறதா, எத்தனை பாரில் வருகிறது என்று பார்த்து எழுதிவை. குடியிருப்புச் சங்கச் செயலாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, தம்பி.

அன்புடன்,
உன் அண்ணன்